25 கிலோ அரிசி இருந்தும் சோறு இல்லை: வீட்டில் உணவு சேமிப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் ஆந்திரக் கரைக்குப் போகிற வழியில் சென்னைக்குப் பக்கத்துக் கடலில் நின்று கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தது. தென்சென்னையில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் நாங்கள் நான்கு பேர். காலையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். எனக்குப் பெரிய கவலை இல்லை. போன வாரம்தான் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை இறக்கி வைத்திருந்தேன். இரண்டு கிலோ துவரம்பருப்பும் இருந்தது. நாமெல்லாம் முன்யோசனைக்காரர்கள் என்ற நினைப்பு.

மதியம் உலை வைக்கப் போனபோதுதான் நிலவரம் புரிந்தது. சிலிண்டர் தீர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அடுத்தது வரும் வரை இண்டக்‌ஷன் அடுப்பில் ஓட்டிக்கொண்டிருந்தோம். அது மின்சாரம் இல்லாமல் வெறும் கண்ணாடிப் பலகை. மோட்டார் ஓடாததால் மேல்தொட்டி வற்றிவிட்டது. கீழே சம்ப்புக்குள் தெருத் தண்ணீர் புகுந்திருந்தது. குடிக்கிற கேனில் பாதிதான் மிச்சம். சீர்காழியிலிருந்து அம்மா போன் செய்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி: "அவல் இல்லையாடா வீட்ல?"

இல்லை. அன்று இரவு பிஸ்கட் தின்று படுத்தோம், அரிசிச் சிப்பத்துக்குப் பக்கத்திலேயே.

வீட்டில் உணவு சேமிப்பது என்றால் நிறைய வாங்கி வைப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மையில் அதற்குள் மூன்று தனிக் கேள்விகள் இருக்கின்றன. பொருள் எப்படி வந்து போகிறது? அதைச் சாப்பிடும் நிலைக்குக் கொண்டுவர என்ன வேண்டும்? வைத்த இடத்தில் அது ஏன் கெடுகிறது? இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம்.

சேமிப்பு, பதுக்கல், பீதி

ஐப்பசி பிறந்து வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்ற செய்தி வந்ததும் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழு சூடாகிவிடும். "எல்லாரும் ஸ்டாக் பண்ணிக்கோங்க" என்பார் ஒருவர். "இப்படிப் பதுக்குறதாலதான் மத்தவங்களுக்குக் கிடைக்கல" என்று இன்னொருவர் சீறுவார். இருவரும் வேறு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள்.

பதுக்கல் என்பது விலை ஏறட்டும் என்று வியாபாரி சரக்கை மறைத்து வைப்பது. 1955-ஆம் ஆண்டு வந்த அத்தியாவசியப் பொருட்கள் சட்டம் குறிவைப்பது இதைத்தான். வீட்டுப் பரணில் இருக்கும் நாலு கிலோ பருப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பீதியில் வாங்குவது வேறு. ஒரு தெருவில் 200 வீடு, கடைக்குத் தினமும் 200 பால் பாக்கெட் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புயல் செய்தி கேட்டு ஒவ்வொருவரும் இரண்டு பாக்கெட் வாங்கினால் நூறாவது வீட்டோடு பால் தீர்ந்துவிடும். கடைக்கு வந்த பாலில் ஒரு பாக்கெட்கூடக் குறையவில்லை. யாரும் பேராசைப்படவும் இல்லை, ஆளுக்கு ஒன்றுதான் கூடுதல். ஆனாலும் பாதித் தெருவுக்குப் பால் கிடையாது. கடைகள் அன்றாடத் தேவைக்கு ஏற்ற அளவில்தான் சரக்கு வைத்திருக்கும். எல்லோரும் ஒரே நாளில் கூடுதலாகக் கேட்டால் அதைத் தாங்க அங்கே இருப்பு இல்லை. 2015 வெள்ளத்திலும் 2020 மார்ச் ஊரடங்கு அறிவித்த இரவிலும் கடை வாசலில் நாம் பார்த்தது இதுதான்.

சேமிப்பு நடப்பது கடையில் சரக்கு தாராளமாகக் கிடைக்கும் சாதாரண நாட்களில். ஆகஸ்டில் ஒரு கிலோ பருப்பு கூடுதலாக வாங்கினால் யாருடைய பங்கும் குறையாது. கடைக்காரர் அடுத்த லோடில் சேர்த்து எடுத்துக்கொள்வார். அப்படி வாங்கி வைத்த வீடு டிசம்பர் வரிசையில் நிற்காது. அதனால் வரிசையில் நிற்பவருக்கு ஒரு பாக்கெட் மிஞ்சும்.

இதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் உண்டு. மிக்ஜாம் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 2023 டிசம்பர் 17, 18-இல் தென் மாவட்டங்களில் பேய்மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விரைவு ரயில் தண்டவாளத்துக்கடியில் மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. அதில் சுமார் 800 பயணிகள். சுற்றிலும் வெள்ளம், சாலை இல்லை, நிவாரணம் வந்து சேர நாளாயிற்று. பக்கத்துப் புதுக்குடி கிராமத்து மக்கள்தான் தங்கள் வீடுகளில் இருந்த அரிசியையும் காய்கறியையும் கொண்டுவந்து சமைத்துப் போட்டார்கள். வெளியிலிருந்து எதுவும் வராத அந்த நேரத்தில் அத்தனை பேருக்கும் சோறு வந்தது வீட்டு அரிசிப் பானைகளிலிருந்து.

சுருக்கமாக: பதுக்கல் லாபத்துக்கு, பீதி பயத்தால், சேமிப்பு சாதாரண நாளில். இனி இந்த மூன்றாவதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஏரியும் குட்டையும்

சேமிப்பு என்றதும் பலருக்கு மனதில் வருவது ஒரு பூட்டிய பெட்டி. அவசரத்துக்கென்று பொருட்களைப் போட்டு மூடி வைப்பது. ஆபத்து வந்தால் திறப்பது. இதைக் குட்டைச் சேமிப்பு என்பேன். தண்ணீர் தேங்கிக் கிடக்கும், பாசி பிடிக்கும், தேவைப்படும்போது வாயில் வைக்க முடியாது. இரண்டு வருடம் கழித்துத் திறந்தால் ரவை முழுக்க நூலாம்படைபோலக் கூடு கட்டியிருக்கும்.

ஏரி அப்படி இல்லை. வரத்துக் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், மதகு வழியாக வயலுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இருந்தாலும் ஏரியில் எப்போதும் ஓரளவு தண்ணீர் நிற்கும். வரத்து நின்றுபோனால் அந்த நிற்கிற தண்ணீர்தான் கை கொடுக்கிறது. வீட்டுச் சேமிப்பும் இப்படித்தான் இருக்க வேண்டும்: வாங்குகிறோம், சாப்பிடுகிறோம், மறுபடி வாங்குகிறோம். ஒரே வித்தியாசம், நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயரத்தில் வைத்துக்கொள்கிறோம்.

இங்கே இரண்டு சொற்கள் தேவைப்படும். எப்போதும் நிற்க வேண்டிய அளவைக் கையிருப்பு என்று சொல்வோம். பழையதை முன்னால் எடுத்துச் செலவழித்து, புதியதைப் பின்னால் வைப்பதைச் சுழற்சி என்று சொல்வோம். மெடிக்கல் ஷாப்பில் மருந்து அடுக்குகிறவர் புதுப் பெட்டியைப் பின்னால் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அவர் செய்வது சுழற்சிதான். நம் வீட்டில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். புது பாக்கெட்டைப் பழைய டப்பாவில் மேலே கொட்டிவிடுகிறோம். அடியில் இருக்கும் பழைய பருப்பு மாதக்கணக்கில் அடியிலேயே கிடக்கிறது. அதில் இருக்கும் வண்டும்தான்.

வழக்கத்தை மாற்றப் பெரிய மெனக்கெடல் வேண்டாம். மாதம் இரண்டு கிலோ துவரம்பருப்பு செலவாகிற வீடு என்றால், இரண்டு டப்பா வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலியானதும் மளிகை லிஸ்ட்டில் பருப்பு ஏறிவிட வேண்டும். இரண்டாவது டப்பாவைத் திறக்கும்போது காலி டப்பா கழுவிக் காய்ந்துகொண்டிருக்கும். இதுவரை நாம் பருப்பு தீர்ந்த பிறகு வாங்கினோம். இனி பாதி தீர்ந்ததும் வாங்குகிறோம். செலவும் முதல் முறை ஒரு டப்பாவுக்குத்தான் கூடுதல். அதன் பிறகு மாதச் செலவு பழைய செலவேதான், ஏனென்றால் நாம் கூடுதலாக எதுவும் சாப்பிடப் போவதில்லை.

இன்னொன்றும் இதிலிருந்தே தெரியவரும்: வீட்டில் சாப்பிடாத பொருளைச் சேமிக்கவே முடியாது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து டின்னில் அடைத்த பீன்ஸ் வாங்கி அடுக்கிய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் அதை யாரும் தொடமாட்டார்கள். மதகு இல்லாத ஏரி!

எத்தனை நாளுக்கு, எவ்வளவு?

நம் ஊரில் எது நடக்கும் என்பதைப் பொறுத்தது. சென்னை வெள்ளத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை வெளியே போவது கஷ்டம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயல் வேறு மாதிரி. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மின்சாரம் இல்லை என்றால் மாவு மில் இல்லை, போர்வெல் தண்ணீர் இல்லை, தொலைபேசி இல்லை.

ஆகவே முதல் இலக்கு மூன்று நாள். அது கைவந்ததும் இரண்டு வாரம். வேலை போவது, உடம்புக்கு முடியாமல் படுப்பது போன்ற, புயலைவிட அடிக்கடி வரும் சங்கடங்களுக்கும் இந்த இரண்டு வாரம் உதவும்.

கணக்கு இதோ. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 2,000 கலோரி வேண்டும். கலோரி என்பது உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலின் அளவு. வண்டிக்கு பெட்ரோல் லிட்டர் மாதிரி. 400 கிராம் அரிசியில் சுமார் 1,400, 80 கிராம் பருப்பில் 270, 40 கிராம் எண்ணெயில் 360 கலோரி. கூட்டினால் சரியாக வருகிறது. நான்கு பேர், 14 நாள் என்றால் அரிசி 22 கிலோ சொச்சம், பருப்பு நாலரைக் கிலோ, எண்ணெய் இரண்டரை லிட்டர். உப்பு, புளி, மிளகாய், வெல்லம் தனி. பயப்படுகிற அளவு ஒன்றும் இல்லை என்பது தெரிகிறதல்லவா? மாதத்துக்கு ஒரு சிப்பம் இறக்குகிற குடும்பம் ஒரு சிப்பத்தைத் திறந்ததுமே அடுத்ததை இறக்கி வைத்தால் அரிசிக் கணக்கு ஏறக்குறைய முடிந்தது. அரிசி அட்டைக்கு 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. கையில் காசு புரளாத வீட்டுக்கு அதுவே வரத்துக் கால்வாய்.

குழந்தைக்குப் பால் பவுடர், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இருந்தால் அவற்றையும் இதே கணக்கில் சேருங்கள். அரிசியைக் கடன் வாங்கலாம், பக்கத்து வீட்டு மாத்திரையைக் கடன் வாங்க முடியாது.

அரிசி மட்டும் சோறு ஆகாது

என் சிப்பத்துக் கதைக்கு வருவோம். அரிசியைச் சோறாக்கத் தண்ணீரும் நெருப்பும் வேண்டும். பேரிடரில் முதலில் நின்றுபோவது இந்த இரண்டும்தான். அதனால் சேமித்த உணவை எடைபோடும்போது கிலோவைவிட இன்னொரு கேள்வி முக்கியம்: இதைச் சாப்பிட என்னவெல்லாம் வேலை செய்துகொண்டிருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பொருட்கள் மூன்று அடுக்காகப் பிரிகின்றன. எதுவுமே தேவைப்படாதவை முதல் அடுக்கு: பொட்டுக்கடலை, பொரி, வறுத்த கடலை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், அப்புறம் தண்ணீரை மட்டும் கேட்கும் அவல். ஒரு கொதியில் முடிபவை இரண்டாவது: ரவை, சேமியா, சத்துமாவுக் கஞ்சி. அரிசி, பருப்பு, பயறு எல்லாம் மூன்றாவது. முதல் மூன்று நாளுக்கான உணவு முழுக்க முதல் இரண்டு அடுக்கிலிருந்தே இருக்க வேண்டும். என் வீட்டில் இருந்ததெல்லாம் மூன்றாவது அடுக்கு.

அவல் ஏன் இப்படி உயர்ந்து நிற்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கினால் அவல். அந்த ஊறலிலும் சூட்டிலுமே அதன் மாவுச்சத்து வெந்துவிடுகிறது. பச்சை அரிசியின் மாவுச்சத்து இறுக்கமான மணிகளாக இருக்கும். சூடும் நீரும் சேர்ந்தால்தான் அவை ஊதி உடைந்து செரிக்கத் தக்கதாகும். அவலில் அந்த வேலை பட்டறையிலேயே முடிந்துவிட்டது. நாம் நெருப்பை முன்கூட்டியே செலவழித்து, வெந்த உணவை உலர்த்தி வாங்கி வைக்கிறோம் என்று சொல்லலாம். தண்ணீர் தெளித்துப் பத்து நிமிடம் வைத்து, வெல்லமும் தேங்காயும் போட்டால் சாப்பாடு ஆகிவிடும். அம்மாவின் கேள்விக்குப் பின்னால் இவ்வளவு விஷயம் இருந்தது.

தண்ணீருக்கும் ஓர் அளவு உண்டு. குடிக்கவும் உணவுக்கும் மட்டும் ஒருவருக்கு நாளைக்கு இரண்டரையிலிருந்து மூன்று லிட்டர் என்பது நிவாரணப் பணிகளில் உலகம் முழுக்கப் பயன்படும் கணக்கு. நான்கு பேர், மூன்று நாள்: 36 லிட்டர். நம் பேச்சில் சொன்னால் இரண்டு கேன். எப்போதும் இரண்டு நிறைகேன் இருக்கும்படி ஒரு கேன் கூடுதலாகப் போட்டுச் சுழற்றினால் போதும். கழுவ, கழிவறைக்கு எல்லாம் சேர்த்தால் ஒருவருக்கு 15 லிட்டர் என்கிறது அதே கணக்கு. அதற்குப் புயல் எச்சரிக்கை வந்ததும் வாளி, அண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியதுதான். சம்ப்பில் தெருவெள்ளம் கலந்துவிட்டால் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கிருமி இருக்குமோ என்று சந்தேகப்படும் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். எண்ணெயோ ரசாயனமோ கலந்திருந்தால் கொதிக்க வைப்பது உதவாது.

நெருப்புக்கு வழக்கமான 14.2 கிலோ சிலிண்டரில் மாற்று ஒன்று நிறைந்திருப்பதே நல்லது. பருப்பையும் பயறையும் ஊறவைத்து, குக்கரில் வேகவைத்தால் கேஸ் வெகுவாக மிச்சமாகும். ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம்: கரி அடுப்பை மூடிய அறைக்குள் மூட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமோ வாசனையோ இல்லை. தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

இதுவரை பார்த்தது: மட்டத்தை உயர்த்தி ஏரிபோல ஓட்டுகிறோம். முதல் மூன்று நாளுக்கு நெருப்பில்லாமலோ ஒரே கொதியிலோ சாப்பிடக்கூடியவை. கூடவே இரண்டு கேன். அடுத்தது, வைத்தது ஏன் கெடுகிறது என்பது.

அப்பளம் ஏன் நமுக்கிறது?

பொரித்த அப்பளத்தை மழைநாளில் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். மொறுமொறுப்பு போய்த் துணிபோலத் தொய்ந்துவிடும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றிலிருந்து அதுவாகவே இழுத்துக்கொண்டது. உப்பு ஜாடி கசிவதும் இதனால்தான். அரிசியும் பருப்பும் இதையே செய்கின்றன, நம் கண்ணுக்குத் தெரியாமல், மெதுவாக. சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தால் இழுத்துக்கொள்ளும், காய்ந்திருந்தால் விட்டுக்கொடுக்கும்.

அரிசியின் எடையில் நீர் 14 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை பிடிக்காமல் நிற்கும். 18 சதவீதம் ஆனால் பூசணம் பூத்துவிடும். இங்கே ஒரு வேடிக்கை. தேனிலும் ஏறக்குறைய 18 சதவீதம் தண்ணீர்தான். அது வருடக்கணக்கில் கெடுவதில்லை! அப்படியானால் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது மட்டும் கதையை முடிவு செய்யவில்லை.

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏறினால் நிறைய இருக்கைகள் காலி. ஆனால் ஒவ்வொன்றிலும் யாரோ துண்டு போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள். இருக்கை இருந்தும் உட்கார முடியாது. தேனில் இருக்கும் தண்ணீரை இப்படிச் சர்க்கரை துண்டு போட்டுப் பிடித்து வைத்திருக்கிறது. கிருமிக்குக் குடிக்க மிச்சமில்லை. ஊறுகாயில் அந்த வேலையைச் செய்வது உப்பு. யாரும் பிடிக்காமல் கிருமிக்குக் கிடைக்கக்கூடிய தண்ணீர் எவ்வளவு என்பதற்கு உணவு அறிவியலில் நீர்ச் செயல்பாடு என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு அது 1. சுமார் 0.6-க்குக் கீழே போனால் எந்தக் கிருமியும் பூஞ்சையும் வளர முடியாது.

வற்றல், வடாம், கருவாடு, ஊறுகாய், வெல்லப்பாகில் ஊறிய நெல்லிக்காய் எல்லாமே இந்த ஓர் எண்ணைக் கீழே தள்ளும் வழிகள். வெயிலில் காயவைத்தால் தண்ணீரை வெளியேற்றுகிறோம். உப்போ சர்க்கரையோ போட்டால் இருக்கிற தண்ணீரைப் பிடித்து வைக்கிறோம். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டியைப் போட்டதற்குப் பாட்டி ஏன் அப்படிக் கத்தினார் என்பதற்கும் இதுவே விடை. ஒரு துளித் தண்ணீர், அந்த இடத்தில் மட்டும் பிடிப்பாரற்ற இருக்கை.

வீட்டுக்கான பாடம் எளிது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, காற்று காய்ந்திருக்கும்போதே, தானியத்தை இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். சாக்கைத் தரையில் வைக்காதீர்கள். ஒரு பலகை மேல் ஏற்றுங்கள். நிலக்கடலையிலோ மக்காச்சோளத்திலோ பூஞ்சை தெரிந்தால் துடைத்துவிட்டுப் பயன்படுத்தக் கூடாது. அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். பூஞ்சை உண்டாக்கும் இந்த நஞ்சு கல்லீரலைப் பாதிக்கும், சாதாரணச் சமையல் சூட்டில் அழியாது.

வண்டு எங்கிருந்து வந்தது?

இறுக மூடிய டப்பாவுக்குள் ஒரு மாதம் கழித்து வண்டு ஓடினால், எந்த வழியாக நுழைந்தது என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். அது நுழையவே இல்லை. அரிசியோடு கூடவே வந்தது. அரிசி வண்டின் பெண் பூச்சி ஓர் அரிசியில் துளையிட்டு, உள்ளே ஒரு முட்டை வைத்து, துளையை மெழுகுபோன்ற ஒன்றால் அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல அரிசி. உள்ளே புழு அரிசியைத் தின்று வளர்ந்து, நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். முழுப் பயறுகளில் வேறொரு வண்டு. அது முட்டையைப் பயறின் மேல் தோலிலேயே ஒட்டிவிடும். தட்டைப்பயறில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உற்றுப் பாருங்கள். பல சமயம் அது வயலிலேயே தொற்றிக்கொண்டு வந்திருக்கும்.

வேப்பிலையும் வசம்பும் வெளியே திரியும் பூச்சியை விரட்ட ஓரளவு உதவும். அரிசிக்குள் ஏற்கெனவே இருக்கும் முட்டையை அவை ஒன்றும் செய்யாது. எங்கள் வீட்டில் அரிசிக்குள் காய்ந்த மிளகாய் போடுவதும் உண்டு. மிளகாய்க்கு நல்ல பாதுகாப்பு.

வேலை செய்யும் வழிகளில் ஒன்று குளிர். ரவை, மைதா, பயறு போன்றவற்றை வாங்கியதும் பாக்கெட்டோடு ஃப்ரீசரில் நான்கு நாள் வைத்து, வெளியே எடுத்துப் பழைய சூட்டுக்கு வந்த பிறகு டப்பாவில் கொட்டினால் முட்டை வரை செத்துவிடும். குளிர்ந்திருக்கும்போதே திறந்தால் மேலே ஈரம் படியும், கவனம். இன்னொன்று எண்ணெய்ப் பூச்சு. பயறில் விளக்கெண்ணெய் தடவிவைக்கும் பழக்கம் வெறும் நம்பிக்கையில் வந்ததல்ல. மெல்லிய எண்ணெய்ப் படலம் முட்டைக்குக் காற்றுப் போகாமல் அடைத்துவிடுகிறது. விதைக்கு வைக்கும் பயறில் சாம்பல் கலப்பதும் அப்படியே. பூச்சியின் மேல் தோலில் இருக்கும் மெழுகைச் சாம்பல் சுரண்டிவிட, அது உடம்பு வற்றிச் சாகிறது.

மூன்றாவது வழி காற்றை அடைப்பது. குதிரில் நெல்லைக் கொட்டி வாயை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி அடைப்பார்கள். உள்ளே இருக்கும் பூச்சிகள் இருக்கிற பிராணவாயுவை மூச்சுவிட்டே தீர்த்து, தாங்களே மூச்சுமுட்டிச் செத்துப்போகும். இதைத்தான் இன்று காற்றுப்புகாச் சேமிப்பு என்கிறார்கள். வீட்டில் இதைச் செய்ய, டப்பா விளிம்பு வரை நிறைந்திருக்க வேண்டும். பாதி காலியான டப்பாவில் வண்டுக்கு வேண்டிய மட்டும் காற்று இருக்கும். 10 கிலோ டின் ஒன்றைவிட இரண்டு கிலோ டப்பா ஐந்து நல்லது என்பது இதனால்தான். ஒன்றைத் திறந்து பயன்படுத்தும்போது மற்ற நான்கும் மூடியே இருக்கும்.

வண்டு வந்துவிட்ட பருப்பை வெயிலில் காயவைக்கலாம். அரிசியை உச்சி வெயிலில் போட்டால் விரிசல் விட்டுச் சமைக்கும்போது உடையும். அதை நிழல் காய்ச்சலாகத்தான் உலர்த்துவார்கள்.

காறல்

மூன்றாவது எதிரிக்குத் தண்ணீரும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம். எண்ணெயும் காற்றும் சேர்ந்தாலே போதும். பழைய எண்ணெயில், பழைய முறுக்கில் வரும் சிக்கு வாடை அதுதான். எண்ணெயின் மூலக்கூறுகளைப் பிராணவாயு கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கிறது. இரும்பு துருப்பிடிப்பதற்குச் சொந்தக்காரன் என்று சொல்லலாம். வெளிச்சமும் சூடும் இதை விரைவாக்கும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இப்படிப்பட்ட வேதிவினைகளின் வேகம் தோராயமாக இரட்டிப்பாகும்.

அதனால்தான் தீட்டிய வெள்ளை அரிசி நன்றாக உலர்ந்து மூடியிருந்தால் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது, தவிட்டோடு இருக்கும் அரிசி ஆறு மாதத்தில் வாடையடிக்கிறது. தவிட்டில்தான் எண்ணெய். கம்பை மாவாக அரைத்த சில நாளிலேயே கசப்பதும் இதே குடும்பத்துக் கதை: முழுத் தானியத்தில் எண்ணெய் ஒரு பக்கம், அதை உடைக்கும் நொதி ஒரு பக்கம் என்று பிரிந்திருக்கும், அரைக்கும்போது இரண்டையும் நாமே கலந்துவிடுகிறோம். சிறுதானியம் சேமிக்க ஆசைப்படுகிறவர்கள் முழுசாக வாங்கி, வேண்டும்போது வேண்டிய அளவு அரைப்பதே சரி.

நம் வீடுகளில் எண்ணெய் டின்னைப் பரணில் வைக்கும் பழக்கம் இருக்கிறது. மொட்டைமாடிக்கு நேர் கீழே, வீட்டிலேயே அதிகச் சூடான இடம் அது. வெள்ளத்துக்குப் பயந்தால் அலமாரியின் மேல்தட்டு போதும்.

ஃபிரிட்ஜை நம்பலாமா?

மின்சாரம் போனால், கதவைத் திறக்காமல் இருந்தால், ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிராக இருக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம் வரை தாங்கும், பாதி நிறைந்தது 24. அதற்குப் பிறகு ஃபிரிட்ஜ் ஒரு சாதாரண அலமாரி. எனவே அதில் இருப்பதைக் கையிருப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். மின்சாரம் போனதும் முதலில் தின்று தீர்க்க வேண்டியதாகச் சேருங்கள். பால், சமைத்த குழம்பு, இறைச்சி முதலில். மாவு புளித்துப் பொங்கும், ஆனால் புளிப்பே அதற்கு ஓரளவு காவல். அடுப்பு எரிந்தால் தோசையாக்கிவிடலாம்.

பாக்கெட்டில் இருக்கும் இரண்டு வகைத் தேதிகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'பெஸ்ட் பிஃபோர்' என்றால் அதுவரை சுவையும் மணமும் உச்சத்தில் இருக்கும் என்று பொருள். 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பைரி' என்றால் அதற்குப் பிறகு சாப்பிட வேண்டாம் என்று பொருள். இரண்டையும் ஒன்றாக நினைத்து நல்ல பொருளைக் குப்பையில் போடுபவர்களும் உண்டு, கெட்டதைத் தின்பவர்களும் உண்டு.

ஒத்திகை

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒத்திகை பார்த்தோம். மதியம் மூன்று மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்தேன், குழாய்களைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இரவு பத்து மணி வரை இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு விளையாட்டு, மனைவிக்கு எரிச்சல். கேனில் தண்ணீர் இருந்தது. மாற்று சிலிண்டர் நிறைந்திருந்தது. ரவை, சேமியா, பொட்டுக்கடலை, கைச்செலவுக்குச் சில்லறை நோட்டுகள் எல்லாம் இருந்தன; நெட்வொர்க் போனால் ஜிபே இல்லையே. வீட்டில் இப்போது மூன்று கிலோ அவலும் உண்டு, அம்மாவின் மேற்பார்வையில்.

உப்புமா கிண்ட அடுப்பைத் திருகியபோது, அதன் தீப்பொறி வரவில்லை. பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கிறது. லைட்டரும் வேலை செய்யவில்லை. ஏழு மணிக்கு நான் டார்ச்சோடு மூன்று மாடி இறங்கிப் போய், முக்குக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கி வந்தேன்.